தொண்டு நிறுவனக் குழுக்களில் ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொண்டு நிறுவனங்களில் நடக்கும் பண முறைகேடுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் படித்து முடித்தால், எவனோ ஒரு திருடன் உள்ளே புகுந்துவிட்டான், சட்டத்தை இன்னும் இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தவன் நான். பல தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில், நிகழ்ச்சி நிரலில் என் பொருள் வரும்வரை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவரையில் திருடனால் கெட்டவற்றைவிட, நல்லவர்கள் சுற்றி உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்ததால் கெட்டவைதான் அதிகம். இடித்துச் சொல்லும் தைரியசாலி ஒருவர் என்றைக்காவது வந்து சேர்வார் என்று காத்திருப்பதில் பயனில்லை. கேள்வி கேட்பதைக் கூட்டத்தின் நடைமுறையாகவே ஆக்கிவிட வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தணிக்கைக்குப் போனால் நான் முதலில் கேட்பது மினிட்ஸ் புத்தகத்தை, அதாவது கூட்டக் குறிப்புகள் எழுதும் புத்தகத்தை. வவுச்சர், ரசீது எல்லாம் அப்புறம். பெரும்பாலான புத்தகங்களில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே வாசகம்தான்: "பொருள் விவாதிக்கப்பட்டு ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." என்ன விவாதித்தார்கள், யார் என்ன கேட்டார்கள், வேறு வழி ஏதாவது யோசித்தார்களா, ஒன்றும் இருக்காது. சில இடங்களில் கூட்டம் நடக்கும் முன்பே குறிப்பை டைப் செய்து வைத்திருப்பார்கள், வந்தவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். (வராதவர்களின் கையெழுத்தும் சில நேரம் இருக்கும், அது தனிக் கதை.) வருடக்கணக்கில் ஒரு தீர்மானம்கூடத் தள்ளிவைக்கப்படவில்லை, ஒரு செலவுகூடக் குறைக்கப்படவில்லை, "எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்யுங்கள்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால் அதைப் பலர் ஒற்றுமை என்கிறார்கள். எனக்கு அங்கே குழு என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம்.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நிகழ்ச்சி நிரலில் 12 பொருள் இருக்கும். சென்ற கூட்டக் குறிப்பு, செயலாளர் அறிக்கை, நிறுவனர் உரை, புகைப்படங்கள், உதவி பெற்றவர்கள் பேசிய ஒரு வீடியோ, கைதட்டல். கணக்கு ஒன்பதாவது பொருள். அது வருவதற்குள் ஒருவர் கிளம்பியிருப்பார், இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாற்பது பக்க அறிக்கை அப்போதுதான் மேசைக்கு வரும். பொருளாளர் மொத்த வரவையும் மொத்தச் செலவையும் வாசிப்பார். "யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?" என்று சொல்லிக்கொண்டே தலைவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே கேட்கிற தலைவரிடம் யார் என்ன கேட்பார்கள்? பத்தாவது பொருள் வந்துவிடும். அதில் புது அலுவலகத்துக்கு என்ன நிறத்தில் வண்ணம் அடிப்பது என்று அரை மணி நேரம் பேசுவார்கள், ஏனென்றால் வண்ணத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது, கணக்கைப் பற்றிக் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற கூச்சம்தான் இருக்கிறது.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பேராசிரியர், டாக்டர், ஓய்வுபெற்ற அதிகாரி, நல்ல பெயரெடுத்த தொழிலதிபர். தங்கள் சொந்தத் தொழிலில் ஒரு பைசா விடமாட்டார்கள். தொண்டு நிறுவனத்தின் மேசைக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்கே போகிறது? ஒரு காரணம், பெரும்பாலும் அவர்களைக் குழுவுக்கு அழைத்ததே நிறுவனர்தான். மதிப்பு வைத்து அழைத்தவரிடம் போய்க் குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. இன்னொன்று, சம்பளம் வாங்காமல் சேவைதானே செய்கிறோம் என்ற நினைப்பு. சேவைதான், ஆனால் குழு உறுப்பினர் என்பது கௌரவப் பட்டம் கிடையாது. கொடுத்தவரின் பணத்துக்கும் பெறுபவரின் நலனுக்கும் பொறுப்பேற்ற பதவி அது. கம்பெனி என்றால் பங்குதாரர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார், பொருள் சரியில்லை என்றால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். தொண்டு நிறுவனத்தில் பணம் கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். கொடுப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது, பெறுபவர் குறை சொன்னால் இருக்கிற உதவியும் போய்விடுமோ என்று பயப்படுகிறார். ஆக, கேள்வி கேட்க உரிமையும் வசதியும் உள்ள ஒரே இடம் அந்தக் குழுதான். அதுவும் சும்மா இருந்தால் வேறு யாரும் இல்லை.

எல்லோரும் சும்மா இருக்கும்போது ஒருவர் மட்டும் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் செய்தது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆஷின் ஆட்கள், சொல்லிவைத்தாற்போல் தப்பான பதிலைச் சொன்னார்கள். மாட்டிக்கொண்ட அந்த ஒருவர் என்ன செய்தார்? ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை, கண் முன்னால் தெரிவதை விட்டுவிட்டு, கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலையே சொன்னார். சோதனையில் கலந்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அப்படி இணங்கிப் போனவர்கள். வெறும் கோட்டுக்கே இப்படி என்றால், நாற்பது பக்கக் கணக்கறிக்கைக்கு எப்படி இருக்கும்?

இந்தச் சோதனையில் எல்லோரும் இந்தப் பாதியைத்தான் சொல்வார்கள், எனக்கு அடுத்த பாதிதான் முக்கியம். கூட்டத்தில் இன்னொருவர், ஒரே ஒருவர், சரியான பதிலைச் சொன்னால் போதும், அந்த இணங்கிப் போகும் பழக்கம் கால்வாசியாகக் குறைந்துவிட்டது. ஒருவர் வாயைத் திறந்தால் அடுத்தவருக்கும் வாய் வருகிறது. ஆகவே கூட்டத்தில் முதல் ஆட்சேபத்தைச் சொல்பவரைத் தலைவர் எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் நான் கவனிப்பேன். "நல்ல கேள்வி, அதற்குப் பதில் வந்த பிறகு முடிவெடுப்போம்" என்கிறாரா, அல்லது சிரித்துக்கொண்டே "சார் எப்பவுமே இப்படித்தான்" என்கிறாரா? இரண்டாவதைச் சொன்னால் அந்த மேசையில் அதன் பிறகு வருடக்கணக்கில் கேள்வி வராது.

நிஜமாக நடந்தவற்றுக்கு வருகிறேன். அமெரிக்காவின் மிகப் பெரிய தொண்டு அமைப்புகளில் ஒன்று யுனைடெட் வே. அதன் தலைமை நிர்வாகியாக வில்லியம் அராமோனி இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அவரது ஆடம்பரச் செலவு, அமைப்பிலிருந்து கிளைத்த துணை நிறுவனங்களுக்குப் பணம் போன விதம் எல்லாம் பத்திரிகைகளில் வெளிவந்து, 1992-ல் பதவி விலகினார். 1995-ல் மோசடிக் குற்றங்களுக்காக ஏழு ஆண்டு சிறைத் தண்டனை. அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? நாட்டின் பெரிய பெரிய கம்பெனிகளின் தலைவர்கள். கணக்குப் பார்க்கத் தெரியாத அப்பாவிகள் ஒருவரும் இல்லை. பெரிய பெயர்களைச் சேர்த்தால் குழு பலமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய பெயர்கள் நிறைந்த மேசையில், இன்னொரு பெரிய பெயர் கட்டாயம் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில் ஒருவருமே பார்க்காமல் போவதுதான் நடக்கிறது.

அடுத்தது நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகம். பொய்க் கணக்குக் காட்டி முதலீட்டு மோசடி நடத்திய பெர்னார்ட் மேடாஃப் 2008 டிசம்பரில் கைதானபோது, அவர் அந்தப் பல்கலைக்கழக அறங்காவலர் குழுவின் பொருளாளர். முதலீட்டுக் குழுவின் தலைவர் எஸ்ரா மெர்க்கின், அவர் நடத்திய நிதியம் வழியாகத்தான் பல்கலைக்கழகத்தின் பணம் மேடாஃபிடம் போயிருந்தது. பொருளாளரிடமே போய்ச் சேரும் முதலீடு, அதற்கு வழிகாட்டியவர் முதலீட்டுக் குழுத் தலைவர், அதில் அவருக்கும் கட்டணம். ஏட்டில் சுமார் 11 கோடி டாலராகக் காட்டப்பட்டிருந்தது ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனது. அதில் பெரும்பகுதி கற்பனை லாபம்தான் என்பது வேறு விஷயம். இங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றும் நிதி நிபுணர் கேட்கிற கேள்வி கிடையாது. "இந்த முடிவால் இந்த மேசையில் இருக்கும் யாருக்காவது வருமானம் வருகிறதா?" அவ்வளவுதான். வருகிறது என்றால் அவர் எழுந்து வெளியே போகட்டும், அவர் இல்லாமல் பேசி முடிவெடுத்து, அவர் வெளியே போனதையும் குறிப்பில் எழுதட்டும். நம் ஆட்கள் பலர் "அவர் ஓட்டுப் போடவில்லை சார்" என்கிறார்கள். ஓட்டுப் போடாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

என்னை அதிகம் யோசிக்கவைத்தது லண்டனின் கிட்ஸ் கம்பெனி என்ற தொண்டு நிறுவனம். கமிலா பட்மங்கெலிட்ஜ் 1996-ல் தொடங்கியது, நலிந்த குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் உதவியது. அரசிடமிருந்து மட்டும் 4 கோடி பவுண்டுக்கு மேல் மானியம் பெற்றது. பிரதமர்கள்வரை ஆதரவு. 2015 ஆகஸ்டில், அரசு கடைசியாகக் கொடுத்த 30 லட்சம் பவுண்டு கைக்கு வந்த சில நாட்களிலேயே, கதவைச் சாத்திவிட்டது. பாராளுமன்றக் குழு ஒன்று விசாரித்து 2016 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது, அறங்காவலர்கள் மீது கடுமையான விமர்சனம். தணிக்கையாளர்கள் எச்சரித்துக்கொண்டே இருந்தும் கையிருப்பு சேர்க்கவில்லை, தேவை கூடக்கூடச் செலவும் கூடியது, வருமானம் எப்படியாவது வந்துவிடும் என்று நம்பினார்கள் என்றது. அதில் ஒரு குறிப்பு முக்கியமானது. குழுவில் பேர்பெற்றவர்கள் இருந்தார்கள், ஆனால் இளைஞர் சேவையிலோ உளச்சிகிச்சையிலோ அனுபவம் உள்ளவர் ஒருவர்கூட இல்லை, அதனால் தலைமை நிர்வாகி சொன்னதை எடைபோட அவர்களால் முடியவில்லை என்றது அந்த அறிக்கை. நிறுவனம் செய்யும் வேலையே தெரியாதவர்கள் அதைப் பற்றி என்ன கேள்வி கேட்க முடியும்? "இந்தக் குழந்தைக்கு இது தேவை" என்று நிறுவனர் சொன்னால் தலையாட்டத்தான் முடியும்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த அறங்காவலர்கள் இனி எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்கக்கூடாது என்று கேட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கை 2021-ல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்கள் அர்ப்பணிப்புள்ளவர்கள் என்று நீதிபதி பாராட்டவும் செய்தார். கடைசி நேரத்தில் வந்த, பின்னர் ஆதாரமற்றவை என்று தெரியவந்த குற்றச்சாட்டுகள் இல்லாதிருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னார். எனக்கு இந்த இரண்டும் முரணாகத் தெரியவில்லை. நேர்மையானவர்கள், உழைத்தவர்கள்தான். தகுதியற்றவர்கள் என்று சட்டமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு புயல் வந்தால் சில வாரம் தாக்குப்பிடிக்கக் கையில் காசில்லாமல் வைத்திருந்தார்கள். நல்லவர்களாக இருப்பது தேவைதான், அது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கையிருப்பு என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் குழுக்கள் அதிகம் ஏமாறுகின்றன, கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வங்கியில் 100 இருக்கிறது என்று பொருளாளர் வாசிக்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. அந்த 100-ல் 85 ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று நன்கொடையாளர் கொடுத்தது, வேறு எதற்கும் தொடக்கூடாது. மீதி 15. மாதச் சம்பளமும் வாடகையும் சேர்ந்து 10. அடுத்த தவணை மானியம் வர மூன்று மாதம் ஆகும். இப்போது சொல்லுங்கள், இந்த நிறுவனம் பணக்கார நிறுவனமா? ஒன்றரை மாதத்தில் சம்பளம் கொடுக்க முடியாமல் போகும் நிறுவனம் இது. அப்போது என்ன செய்வார்கள் என்றால், அந்த 85-லிருந்து கொஞ்சம் எடுத்துச் சம்பளம் போடுவார்கள், மானியம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று. அது தாமதமானால் இன்னொரு திட்டத்திலிருந்து எடுப்பார்கள். யாரும் ஒரு காசு வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, ஆனாலும் இது முறைகேடுதான். இப்படித்தான் நல்லவர்கள் பத்திரிகைச் செய்தியில் வந்து நிற்கிறார்கள். வரவுசெலவுக் கணக்கில் இது தெரியவே தெரியாது, உபரி என்றுகூடக் காட்டும். "நம் கையில் கட்டுப்பாடில்லாத பணம், அதாவது எந்தச் செலவுக்கும் எடுக்கக்கூடிய பணம், எவ்வளவு, அது எத்தனை மாதத்துக்கு வரும்?" என்று ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டால் போதும். ஒரே வரி. அந்த வரிக்குப் பதிலை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லிவிட்டால் யாரும் கேட்கக்கூட வேண்டாம்.

சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் தொடங்கிய ஹல் ஹவுஸ், சமூக சேவை வரலாற்றில் அவ்வளவு பெரிய பெயர், ஆடம்ஸுக்கு 1931-ல் நோபல் அமைதிப் பரிசே கிடைத்தது. அந்த அமைப்பு 2012 ஜனவரியில் கடன் சுமையோடு மூடப்பட்டது. வருமானத்தின் பெரும்பகுதி அரசு நிதி, அது சுருங்கியபோது ஈடுகட்ட வேறு வழி இல்லை. 120 ஆண்டுக்கு மேலான பெயர் ஒரு மாதச் சம்பளத்தைக்கூடக் கொடுக்காது.

சரி, என்ன செய்யலாம்? பயிற்சி வகுப்பு நடத்தி, "விமர்சனச் சிந்தனை" என்று ஸ்லைடு போட்டுக் காட்டி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வகுப்பில் எல்லோரும் நன்றாகத்தான் சிந்திக்கிறார்கள், மேசைக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடுகிறார்கள். மேசையைத்தான் மாற்ற வேண்டும். காகிதங்கள் ஒரு வாரம் முன்பே வர வேண்டும், வராத பொருளை அன்று எடுக்கக்கூடாது, இது ஒன்றைக் கறாராகப் பிடித்தாலே பாதி நோய் தீரும். வழக்கமான அனுமதிகளை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, உண்மையிலேயே முடிவெடுக்க வேண்டிய ஒன்றிரண்டை எல்லோரும் புத்தியோடு இருக்கும் முதல் மணி நேரத்தில் எடுக்க வேண்டும். எந்த முன்மொழிவும் ஒரே வழியாக வரக்கூடாது. "இதைச் செய்யலாமா?" என்று கேட்டால் "செய்யலாம்" என்றுதான் பதில் வரும். இரண்டு வழிகளை வைத்து, ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னால்தான் பேச்சே தொடங்கும்.

தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். இது சின்ன விஷயம்போல் தெரியும். 1961-ல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் படையிறக்கிக் கென்னடி அரசு அவமானப்பட்டது. கூடியிருந்த அறிவாளிகள் சந்தேகத்தை வாய்க்குள்ளேயே விழுங்கியதுதான் காரணம் என்று இர்விங் ஜானிஸ் என்ற ஆய்வாளர் 1972-ல் விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டு, 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகளால் நெருக்கடி வந்தபோது கிட்டத்தட்ட அதே ஆட்கள், அதே ஜனாதிபதி. ஆனால் கென்னடி சில ஆலோசனைக் கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வராமல் இருந்தார், தன் முன்னால் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்தது. தன் தம்பி ராபர்ட்டை ஒவ்வொரு யோசனையையும் குடைந்து கேட்க விட்டார். உலகப் போரைப் பற்றிய கூட்டத்தில் ஜனாதிபதியே எழுந்து போக முடியுமென்றால், நம் நிறுவனர் அரை மணி நேரம் அடுத்த அறையில் உட்காரலாம். ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் தலைமை நிர்வாகியும் ஊழியர்களும் இல்லாமல் குழு மட்டும் கொஞ்ச நேரம் பேசுவது நல்ல வழக்கம், ஆனால் அது எல்லாக் கூட்டத்திலும் இருக்க வேண்டும். பிரச்சினை வந்தபோது மட்டும் அப்படிச் செய்தால், கதவுக்கு வெளியே நிற்பவருக்கு நெஞ்சு படபடக்கும். அதே வேளையில் வருடத்துக்கு ஒருமுறையாவது தணிக்கையாளரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதிகாரிகள் முன்னால் சொல்லத் தயங்குவதை நாங்கள் அப்போது சொல்வோம், கேட்பதற்குத்தான் ஆள் இருப்பதில்லை.

எதிர்த்துப் பேச ஒருவரை நியமித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில், ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முன் அவருக்கு எதிராக வாதாடவென்றே ஒரு பதவி 1587 முதல் இருந்தது, 1983-ல்தான் அதன் அதிகாரம் குறைக்கப்பட்டது. யோசனை மோசமில்லை. ஆனால் சார்லன் நெமத் என்ற உளவியலாளரின் ஆய்வுகள், வேஷத்துக்கு எதிர்ப்பவரைவிட உண்மையிலேயே உடன்படாதவர் இருந்தால்தான் மற்றவர்கள் நன்றாக யோசிக்கிறார்கள் என்று காட்டின. வேஷம் என்று தெரிந்தால் "சரி, உங்கள் கடமையை முடித்துவிட்டீர்கள்" என்று மேலே போய்விடுவார்கள் போல. ஆகவே உண்மையிலேயே வேறு மாதிரி வாழ்க்கை வாழ்ந்தவர்களைக் குழுவில் சேர்ப்பதுதான் வழி, அந்தச் சேவையைப் பெற்றவர்கள் உட்பட. அதற்கு இடம் வேண்டுமென்றால் பழையவர்கள் விலக வேண்டும். ஒரு பதவிக்காலம், அதிகம் போனால் இரண்டு, பிறகு கட்டாய ஓய்வு என்று விதியில் எழுதிவிட்டால் யாரும் யாரையும் போகச் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம்.

எனக்குப் பிடித்த இன்னொரு உத்தி கேரி க்ளைன் என்ற ஆய்வாளர் பரப்பியது. பெரிய திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் எல்லோரிடமும் சொல்லுங்கள்: "ஒரு வருடம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் என்று ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்." இந்தத் திட்டத்தில் என்ன குறை என்று கேட்டால் குறை சொல்பவர் கெட்டவர். தோற்றுவிட்டது, காரணம் சொல் என்றால் நல்ல காரணம் சொல்பவர் கெட்டிக்காரர். முதல் தடவை ஒரு குழுவில் இதைச் செய்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மா எழுதிய தாள்தான் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது: "திட்டத்தை நடத்த வேண்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவருக்கு மட்டும்தான் எல்லாம் தெரிந்திருந்தது." அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், சொல்லத்தான் யாரும் இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும், நிறுவனர் மனம் புண்படாதா என்பது. புண்படத்தான் செய்யும். வாழ்க்கையையே கொடுத்துக் கட்டியவரிடம் கணக்குக் கேட்பது லேசான காரியமில்லை, அந்த வருத்தத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் எல்லாக் கூட்டத்திலும், எல்லோரிடமும், எல்லாத் திட்டத்துக்கும் அதே கேள்விகள் வந்தால் அது அவர்மேல் வைத்த சந்தேகமாகத் தெரியாது. திடீரென்று ஒருநாள் ஒருவர் எழுந்து கேட்டால்தான் குத்தும். நடைமுறை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு வகை ஆட்களையும் சொல்லாமல் விட்டால் ஊழியர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். கேள்வி என்ற பெயரில் பேனா, காகிதம் வாங்கிய பில்லைப் புரட்டி, டிரைவர் எந்த வழியாகப் போனார் என்று விசாரித்து, ஊழியருக்கு நேரடியாகப் போன் போட்டு உத்தரவிடும் உறுப்பினர்கள். இவர்களைக் கறாரானவர்கள் என்று சிலர் மெச்சுகிறார்கள். பில் பார்ப்பது பொருளாளர் வேலை, தணிக்கையாளர் வேலை. குழு கேட்க வேண்டியது, அந்தப் பில்லை யார் வேண்டுமானாலும் தனியாகப் பாஸ் செய்ய முடிகிறதா, காசோலை எழுதுபவரும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளா என்பது. எத்தனை பேருக்கு உதவினோம் என்ற எண்ணிக்கையோடு திருப்திப்படாமல், அதனால் அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது, மாறவில்லை என்றால் இந்தத் திட்டத்தை ஏன் தொடர்கிறோம் என்று கேட்பது. திட்டத்தை நிறுத்துவது பற்றிய தீர்மானம் ஒன்றை மினிட்ஸ் புத்தகத்தில் பார்ப்பது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? தொடங்குவதற்கு நூறு தீர்மானம் இருக்கும்.

சட்டம் பற்றி. கட்டுரை கேட்ட சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் வரி விலக்குப் பெற்ற நிறுவனங்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் படிவம் 990-ஐ 2008-ல் மாற்றி அமைத்தார்கள். குழு உறுப்பினர்களுக்குள் குடும்ப, வியாபார உறவு உண்டா, சொந்த நலன் குறுக்கிட்டால் என்ன செய்வது என்று எழுத்தில் விதி உண்டா, புகார் சொல்பவருக்குப் பாதுகாப்பு உண்டா, இந்தப் படிவத்தை அனுப்பும் முன் எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்தீர்களா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள், படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. இங்கிலாந்தில் 2017-ல் தொண்டு நிறுவன நிர்வாகத்துக்கென்று விரிவான நெறிமுறையே புதுப்பித்து வெளியிட்டார்கள், கட்டாயமில்லை, பின்பற்றவில்லை என்றால் ஏன் என்று விளக்கச் சொன்னது. இதெல்லாம் கதவைத் திறந்து வைக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பேசவைக்காது. விதி உண்டா என்ற கட்டத்தில் "ஆம்" என்று டிக் போட்டுவிட்டு, அந்த விதியை ஒருமுறைகூடப் படிக்காத உறுப்பினர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு செய்தி அடுத்த முறை வரும்போது உங்கள் நிருபர் மாட்டிக்கொண்டவரோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் குழுவில் பெயர் உள்ள மற்றவர்களையும் தேடிப் போகட்டும். எவ்வளவு பணம் போனது என்று அவர்களிடம் கேட்க வேண்டாம், தெரியாது என்றுதான் சொல்வார்கள், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். கடைசியாக எந்தக் கூட்டத்தில் எந்தத் தீர்மானத்தைத் திருப்பி அனுப்பினீர்கள், அந்த மினிட்ஸ் நகல் கிடைக்குமா என்று கேட்கட்டும், கிடைத்ததை அப்படியே பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்